கட்டிய காசு எரிவதில்லை: தீவகத்தின் முதுமையும் ஊழியர் சேமலாப நிதியமும்



ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அவர் இளைப்பாறியபோது கையில் வந்த பணத்தில் ஒரு பங்கை அவருடைய துணைவியார் தொடாமல் வைத்திருந்தார். பின்னர் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். அதுவே இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்கு முதலாயிற்று என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவர் உழைத்து ஓய்ந்த பிறகும் அவருடைய உழைப்பு வீட்டுக்கும் ஊருக்கும் உதவுகிறது. அதனால்தான் இன்றைய பேச்சுக்கு இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். உழைத்து ஓய்ந்தவர்களுக்கு வேலைத்தலம் என்ன கொடுத்தனுப்ப வேண்டும், யாழ்ப்பாணத்தை ஒட்டிய நம் தீவகத்தில் உண்மையில் என்ன கொடுத்தனுப்பியது என்பதே என் கேள்வி. தொழில் திணைக்களத்தில் பணியாற்றியவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குக் கோப்புகளாகவும் முகங்களாகவும் பழக்கமானது.

‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்’ என்று நம் முன்னோர் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தாரின் அரச உத்தியோக மோகத்தைக் கிண்டல் செய்யப் பலர் இதை எடுத்துக்காட்டுவார்கள். நான் இதைக் கிண்டலாகக் கேட்பதில்லை. மழை பொய்த்தால் வயல் இல்லை, சோளகம் அடித்தால் கடல் இல்லை என்று வாழ்ந்த மண்ணில், மாதம் பிறந்தால் சாகும்வரை ஒரு தொகை வரும் என்ற நிச்சயத்தின் பெறுமதியைக் கண்டவர்கள் சொன்ன சொல் அது. மலாயாவுக்குப் போய் எஃப்.எம்.எஸ். (கூட்டு மலாய் மாநிலங்கள்) ரயில்வேயிலும் கந்தோர்களிலும் கிளாக்கர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை ‘மலாயன் பென்சனியர்’ என்றே ஊர் அழைத்தது. கடல் கடந்த ஓர் அரசாங்கத்தின் பணம் மாதந்தோறும் யாழ்ப்பாணத்து முற்றங்களுக்கு வந்தது. பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் அந்தப் பணத்தால் எழும்பின.

இலங்கை அரச ஊழியரின் பென்சனுக்குத் தனியான நிதியம் எதுவும் இல்லை. இன்று வரி கட்டுகிறவர் பணத்திலிருந்து இன்றைய ஓய்வூதியருக்குத் திறைசேரி கொடுக்கிறது. நாடு முழுவதும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் பெறுகிறார்கள். பத்தாண்டு சேவை இருந்தால் உரித்து வரும். நீண்ட சேவை செய்தவருக்குக் கடைசிச் சம்பளத்தின் பெரும்பகுதி மாதந்தோறும் கிடைக்கும். இளைப்பாறும்போது 24 மாதப் பென்சனைப் பணிக்கொடையாக முன்கூட்டியே கொடுத்து, பிறகு பத்தாண்டுகளில் கழித்துக்கொள்வார்கள். அவர் கண்மூடினால் அவருடைய துணைக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் உண்டு. அந்தத் திட்டம் 1898இலேயே தொடங்கியது. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணம் அரசின் கையில் இல்லாத காலத்திலும் கச்சேரி வழியாகப் பென்சன் வந்தது. சுணங்கி வந்தது, ஆனால் வந்தது. குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் பலரின் கொப்பியும் பேனையும் அந்தப் பணம்தான்.

இந்த நிச்சயத்திலும் குறை உண்டு. ஓய்வூதியர் ஒவ்வோர் ஆண்டும் உயிரோடு இருக்கிறார் என்று சான்று கொடுக்க வேண்டும். நெடுந்தீவில் எண்பது வயதுத் தாயொருவர் கிராம சேவகரான ஜி.எஸ். ஐயாவைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்குவது பெரிய காரியமில்லை. சான்றில் ஒரு பிழை வந்து யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டி வந்தால்தான் தொல்லை. விடியலில் இறங்குதுறைக்கு வர வேண்டும், குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரக் கடல், பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று பஸ். காற்றெழும்பிய நாளில் திரும்பிப் போக லோஞ்ச் இல்லை. கொழும்பில் பத்து நிமிட வேலை இங்கே ஒரு பகலையும், சில சமயம் ஓர் இரவையும் தின்றுவிடும். கந்தோர்தான் தீவுக்கு வரவேண்டும், கிழவி கந்தோருக்குப் போகக்கூடாது. நடமாடும் சேவை என்று ஆண்டில் ஒருநாள் வந்து போவது போதாது.

ஆனால் பென்சன் வீடுகள் தீவகத்தில் எத்தனை? ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் ஆசிரியர் குடும்பங்கள் இருந்தன. பெரும்பான்மையான ஆண்கள் உழைத்த இடம் வேறு. அது கடை.

புங்குடுதீவாரும் காரைநகராரும் நயினாதீவாரும் கொழும்பிலும் காலியிலும் மாத்தறையிலும் கண்டியிலும் குருநாகலிலும் நடத்திய சைவக் கடைகளையும் சுருட்டுக் கடைகளையும் பலசரக்குக் கடைகளையும் பற்றி எத்தனையோ புகழுரைகள் இருக்கின்றன. முதலாளிமாரின் உழைப்பும் கொடையும் அந்தப் புகழுக்குத் தகுந்தவையே. அவர்கள் பெயர் கல்வெட்டுகளில் இருக்கிறது. கல்வெட்டில் இல்லாதவர் கடைச் சிப்பந்தி. ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்த பையனை ஊர் மாமா ஒருவர் கூட்டிக்கொண்டு போவார். விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவதில் நாள் தொடங்கும். இரவு பலகை அடைத்த பிறகு மேசையிலோ சாக்கு மூட்டையிலோ நித்திரை. சாப்பாடு கடையில். சம்பளம் முதலாளியின் கொப்பியில். மாதாமாதம் எண்ணிக் கையில் கொடுக்கும் வழக்கம் குறைவு. வருடப் பிறப்புக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது கணக்குப் பார்த்து, முற்பணம் கழித்து, மிச்சத்தைக் கொடுப்பார்கள். இப்படி முப்பது, நாற்பது ஆண்டுகள். கண்பார்வை மங்கியதும் ‘இனி ஊரில போய் இருங்கோ’ என்று ஒரு வேட்டி சால்வையோடு அனுப்பிவிடுவார்கள். அன்பில்லாமல் அனுப்பினார்கள் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் காசும் பிள்ளைகளுக்கு இனிப்பும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

அந்த மனிதருக்குச் சட்டம் ஏற்கனவே இருந்தது என்பதுதான் என் மனத்தைச் சுடும் விடயம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. ஊழியர் சேமலாப நிதியச் சட்டம் 1958இல் வந்தது, அந்த ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதைக் கொண்டுவந்த தொழில் அமைச்சர் ரி.பி. இலங்கரத்ன ஒருகாலத்தில் அரச எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். 1947 வேலைநிறுத்தத்துக்காக வேலையிழந்தவர். அந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியான எழுதுவினைஞர் கந்தசாமி ஒரு தமிழர். சம்பளத்தை நம்பி வாழ்ந்தவர்கள் சிந்திய இரத்தம் இந்தச் சட்டத்தின் பின்னணியில் இருக்கிறது. கொழும்பு அரசாங்கம் கொடுத்தது என்பதற்காக நாம் இதை அந்நியமாகப் பார்க்கத் தேவையில்லை.

சட்டம் சொல்வது எளிது. ஒரேயோர் ஊழியர் இருந்தாலும் அவர் பெயரில் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம். நிரந்தரம், தற்காலிகம், நாட்சம்பளம், துண்டுக்கூலி என்ற பேதம் கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து உரித்து. இதுதான் நாம் ஈ.பி.எவ். என்று சொல்வது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் ஈ.ரி.எவ். என்ற ஊழியர் நம்பிக்கை நிதியம் வந்தது. அதற்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும், ஊழியரிடம் ஒரு சதமும் பிடிக்கக்கூடாது. 1983இல் வந்த பணிக்கொடைச் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்தாண்டு முடித்தவருக்கு, முடித்த ஒவ்வோராண்டுக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. அதைவிடச் சிறிய கடையானால் தொழில் நியாய சபைக்குப் போகலாம்.

மாதம் 30,000 ரூபா சம்பளம் என்று வைத்துப் பாருங்கள். ஊழியர் பங்கு 2,400, முதலாளி பங்கு 3,600, ஆக மாதம் 6,000 ரூபா ஈ.பி.எவ். கணக்கில் சேர வேண்டும். இருபது ஆண்டில் வட்டி சேர்க்காமலே 14 இலட்சத்து 40 ஆயிரம். ஈ.ரி.எவ். மாதம் 900 வேறு. பணிக்கொடை 3 இலட்சம் வேறு. இப்போது அதே முதலாளி ‘சம்பளம் 20,000’ என்று படிவத்தில் எழுதி, மிச்சப் பத்தாயிரத்தைப் படி என்று சொல்லிக் கையில் கொடுக்கிறார். மாதம் 2,000 ரூபா ஈ.பி.எவ். குறைகிறது. இருபது ஆண்டில் 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா, அதன் வட்டியோடு சேர்த்து, அந்த ஊழியரின் முதுமையிலிருந்து கழன்றுபோகிறது. அவருக்கு அது தெரியவும் மாட்டாது. கையில் வந்த காசு சரியாகத்தானே இருந்தது!

சட்டத்தில் கடைச் சிப்பந்திக்கென்றே எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது. எந்தத் தொகையில் வீதம் கணிப்பது என்று வரையறுக்கும்போது, சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம் ஆகியவற்றோடு, முதலாளி கொடுக்கும் சமைத்த உணவின், சமைக்காத உணவின் பணப் பெறுமதியையும் அது சேர்க்கிறது. சைவக் கடையில் மூன்று வேளையும் சாப்பிட்ட சோறுங்கூடச் சம்பளம்! ‘சாப்பாடும் போட்டுச் சம்பளமும் கொடுக்கிறன்’ என்ற பேச்சுக்குச் சட்டம் தந்த பதில் அது. அந்தச் சோற்றுக்கும் வீதம் கட்டிய கடை ஒன்றைக்கூட நான் என் சேவையில் காணவில்லை.

கட்டாமல் விட்டதற்கு முதலாளிமார் சொன்ன காரணங்களில் ஒன்று மட்டும் யோசிக்க வைப்பது. குடும்பத்தவர் மட்டுமே வேலை செய்யும் தொழிலுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. நம் கடைகளில் எல்லோரும் ஒருவகையில் உறவு. ‘இவன் என்ர மருமகன் முறை, சம்பளக்காரன் இல்லை’ என்பார்கள். ஊர் முழுவதும் ஒன்றுக்குள் ஒன்றாக மணம் செய்த தீவில் யார்தான் யாருக்கு மருமகன் முறை இல்லை? மாமா என்று அழைத்த வாய் சம்பளம் கேட்கக் கூசியது. உறவின் பெயரால் உரிமையை விழுங்கியது நம் சமூகம் செய்த அநியாயம் என்றே நான் தீர்ப்புச் சொல்வேன்.

ஒருவர் என் மேசைக்கு வந்தார். புங்குடுதீவுக்காரர், எழுபதைத் தாண்டியவர். தென்னிலங்கை நகரமொன்றில் ஒரே முதலாளியிடம் இளவயது முதல் வேலை செய்தவர். ஒரு பொலித்தீன் பையைத் திறந்து மேசையில் வைத்தார். அடையாள அட்டை, அடகுக் கடைத் துண்டுகள், கோயில் நூல் ஒன்று, அவற்றுக்கிடையில் ஒரு பி அட்டை. ஈ.பி.எவ். அங்கத்தவருக்குக் கொடுக்கும் அட்டை அது. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது, அங்கத்துவ இலக்கம் மட்டும் தப்பியிருந்தது. இலக்கத்தைக் கொண்டு கொழும்பில் தேடினோம். அவர் பெயரில் பணம் இருந்தது. கடைசிச் சில ஆண்டுகளுக்கு மட்டும், அதுவும் சம்பளத்தின் பாதிக்கும் குறைவான தொகைக்குக் கட்டியிருந்தார்கள். மிச்ச ஆண்டுகளுக்கு முறைப்பாடு கொடுக்கலாம் ஐயா, கட்டாத தொகையோடு தண்டமும் சேர்த்து அறவிடச் சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். ஓராண்டுக்கு மேல் சுணங்கினால் 50 வீதம் மேலதிகம், கட்ட மறுத்தால் நீதவான் நீதிமன்றம் என்று விளங்கப்படுத்தினேன். அவர் முகம் மாறிவிட்டது.

“தம்பி, அவர் எனக்குச் சோறு போட்ட மனிசன். கோட்டில ஏத்தச் சொல்லுறியளே?”

கே படிவத்தில் ஒப்பமிட்டு, இருந்த தொகைக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுப் போனார். அந்த நன்றியுணர்ச்சியை நான் மதிக்கிறேன். அதை வைத்தே அவரை ஏமாற்றினார்கள் என்பதை மறக்கவும் என்னால் முடியவில்லை.

பி அட்டை இருந்ததால் அவருக்கு அந்தச் சிறுதொகையாவது கிடைத்தது. பதிவே இல்லாதவர்களின் கதி வேறு. 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பிலும் தெற்கிலும் தமிழர் கடைகள் எரிந்தன. கல்லாப்பெட்டி, பேரேடு, சம்பளக் கொப்பி எல்லாம் சாம்பலாயின. முதலாளி கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார், சிப்பந்தியும் அதே கப்பலில் வந்தார். முதலாளியின் கொப்பியில் மட்டும் இருந்த சம்பளம் கொப்பியோடு போயிற்று. மத்திய வங்கியில் அவர் பெயரில் கட்டியிருந்த பணமோ அங்கேயே இருந்தது. 1990இல் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை போரால் மூடப்பட்டது. 1950 முதல் புகைபோக்கி ஓயாத ஆலை அது. அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்து சிதறினர். அவர்கள் பெயரில் கட்டிய பணத்தை யாரும் சுட்டெரிக்க முடியவில்லை. அதே ஆண்டில் படையினர் தீவகத்தைக் கைப்பற்றியபோது ஊர்காவற்றுறையிலிருந்தும் மண்டைதீவிலிருந்தும் வேலணையிலிருந்தும் சனம் உடுத்த உடுப்போடு கடல் கடந்தது. உறுதி போயிற்று, நகை போயிற்று, மாடு போயிற்று. ஒரு தூரக் கணக்கில் இலக்கமாகப் பதிந்திருந்த உழைப்பு மட்டும் போகவில்லை. இத்தனை அழிவைக் கண்ட ஒரு சமூகம் இதிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடத்தை இன்னும் கற்கவில்லை.

இனி நிதியத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிதியத்தைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போனால் உங்களுக்கு உண்மையாக நடந்தவனாக மாட்டேன். அங்கத்தவர் விடயங்களைத் தொழில் திணைக்களமும் பணத்தை மத்திய வங்கியும் கவனிக்கின்றன. இன்று அதன் பெறுமதி 3 இலட்சம் கோடி ரூபாவைத் தாண்டியது. நாட்டின் மிகப்பெரிய ஓய்வுகால நிதியம் அதுவே. அந்தப் பணத்தின் மிகப்பெரும்பகுதி அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில் இருக்கிறது. ஆகவே தேயிலைக் கொழுந்து பறிப்பவரும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் யாழ்ப்பாணத்து மருந்துக்கடைப் பையனும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்கள்.

கடன் கொடுத்தவருக்கு என்ன நடந்தது? 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. அந்த ஆண்டுக்கு நிதியம் அங்கத்தவருக்குக் கொடுத்த வட்டி 9 வீதம். அந்தக் கிழமைகளில் இளைப்பாறி, வாழ்நாள் சேமிப்பை எடுத்தவர் பாதி வாழ்நாளைத்தான் எடுத்தார் என்று சொல்லலாம். அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. 2023 ஜூலை 1ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றத்தைக் கூட்டி அதற்கு ஒப்புதல் பெற்றார்கள். வங்கிகளின் முறிகளை விட்டுவைத்தார்கள். ஓய்வுகால நிதியங்களின் முறிகளை மாற்றினார்கள். புதிய முறிகளுக்கு 2025 வரை 12 வீதம், பிறகு 9 வீதம். மாற்றச் சம்மதிக்காத நிதியத்துக்கு 14 வீதமாக இருந்த வரி 30 வீதமாகும் என்றும் சொன்னார்கள். அங்கத்தவருக்கு 9 வீதத்துக்குக் குறையாது என்று உறுதி தந்தார்கள், 2023க்கு 13 வீதம் கொடுத்தும் இருக்கிறார்கள். ஆனாலும் நாட்டைக் கடனில் தள்ளியவர்கள் செய்த பிழையின் சுமையை, கடன் கொடுத்த தொழிலாளியின் தோளில் ஏற்றியது நியாயமில்லை. அங்கத்தவரிடம் யாரும் கேட்கவுமில்லை. 2015இல் மத்திய வங்கி முறி விவகாரத்திலும் இந்த நிதியத்தின் பெயர் அடிபட்டது. பணம் தொழிலாளியுடையது, பாதுகாவலர் அரசு, கடன் வாங்குபவரும் அரசு. ஒருவரே இரண்டு வேடம் கட்டும் இந்த ஏற்பாடு மாறவேண்டும். அங்கத்தவரின் பிரதிநிதிகள் முதலீட்டு முடிவில் அமர வேண்டும்.

‘அப்படியானால் கட்டாமல் விட்டதே நல்லதுதானே’ என்று சில முதலாளிமார் என்னிடம் கேட்டதுண்டு. இல்லை. கட்டாமல் விட்டவரின் ஊழியருக்கு 9 வீதமும் இல்லை, 13 வீதமும் இல்லை, முதலும் இல்லை.

மற்றொரு குறை, ஈ.பி.எவ். மாதப் பென்சன் தருவதில்லை. ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் முழுத்தொகையும் ஒரே நாளில் கைக்கு வரும். 2021ஆம் ஆண்டுச் சட்டம் தனியார்துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கிய பிறகும் எடுக்கும் வயது அப்படியே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மொத்தமாக வரும் பணத்துக்கு வழி காத்திருக்கும். மகளுக்குச் சீதனம், வீட்டுக்குக் கூரை, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி. கொடுத்துவிட்ட பிறகு தகப்பன் பிள்ளையின் கையைப் பார்த்து இருக்கிறார். பெண்கள் திருமணத்தைக் காரணம் காட்டியே எடுத்துவிடலாம் என்று சட்டம் இடம் கொடுப்பதால், இருபத்தைந்து வயதில் தாலிக்கொடியாக மாறிய சேமிப்பு அறுபது வயதில் இல்லை. தாய்மாரே, மிக அவசியம் என்றால் தவிர, மகளின் ஈ.பி.எவ்.வைக் கலியாணச் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள். வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் வேண்டுமென்றால், பத்தாண்டு கட்டி, குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதி உள்ளவர் 30 வீதத்தை இடையில் எடுக்க வேறு வழி இருக்கிறது.

மாதப் பென்சன் கொண்டுவர அரசாங்கம் 2011இல் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துத் தொழிலாளர் தெருவுக்கு வந்தார்கள். மே 30ஆம் திகதி பொலிஸார் சுட்டனர். ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி இறந்தார். சட்டமூலத்தை மீளப் பெற்றார்கள். பென்சன் வேண்டாம் என்று அவர்கள் போராடவில்லை. தங்கள் சம்பளத்தில் மேலும் பிடித்து, அதையும் கேள்வி கேட்க முடியாத கைகளில் ஒப்படைப்பதையே எதிர்த்தார்கள். அந்தச் சந்தேகம் 2023இல் மெய்யாயிற்று. இந்தியாவில் முதலாளியின் பங்கில் ஒரு பகுதி 1995 முதல் பென்சன் திட்டத்துக்குப் போகிறது, பத்தாண்டு சேவை இருந்தால் 58 வயதில் மாதப் பணம் வரும். ஆனால் குறைந்தபட்சப் பென்சன் 2014இலிருந்து ஆயிரம் இந்திய ரூபாதான். அதை வைத்து அங்கே எந்தக் கிழவனும் வாழ முடியாது. ஆகவே மாதப் பென்சன் என்ற பெயர் மட்டும் போதாது. விரும்பியவர் தம் சேமிப்பின் ஒரு பங்கை மாதப் பணமாக மாற்றிக்கொள்ளும் தெரிவைக் கட்டாயமில்லாமல் கொடுத்தால் நான் வரவேற்பேன்.

கடலையும் கமத்தையும் நம்பியவர்களுக்கு முதலாளி இல்லை. கமக்காரர் பென்சன் 1987இலும் கடற்றொழிலாளர் பென்சன் 1990இலும் சட்டமாயின. சிறு தவணை கட்டினால் அறுபதில் பென்சன் என்றார்கள். கமக்காரர் திட்டத்தில் ஒரு கட்டத்தில் பணம் தீர்ந்து கொடுப்பனவு நின்றது. 2014இல் திறைசேரிப் பணத்தோடுதான் மீண்டும் தொடங்கியது. கிடைக்கும் தொகை ஒரு குடும்பத்தின் சில நாள் செலவுக்குக்கூடக் காணாது. அனலைதீவிலும் எழுவைதீவிலும் எழுபது வயதில் வலை இழுப்பவர்களைப் பார்க்கிறோம். ஆனால் படகுச் சொந்தக்காரரிடம் நாட்கூலிக்குப் போகிறவரும், குறிகட்டுவானில் லோஞ்சில் கயிறு பிடிக்கிறவரும், நெடுந்தீவில் இப்போது பெருகிவரும் தங்குவிடுதிகளில் சமைக்கிறவரும் சட்டத்தின் கண்ணில் ஊழியரே. அவர்களைச் சுயதொழிலாளர் என்று சொல்லித் தப்பக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருப்போர் இந்த மண்டபத்தில் பலர். அவர்களுக்கும் சில வார்த்தை. சுவிற்சர்லாந்தில் 1985 முதல் வேலைத்தலப் பென்சன் சட்டக் கட்டாயம். இரண்டாம் தூண் என்று நீங்கள் சொல்வது. உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவியவர் பெயரிலும் குறித்த தொகைக்கு மேல் சம்பளம் இருந்தால் அது சேர்ந்திருக்கும். நாட்டை விட்டு நிரந்தரமாக வரும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். முதலாம் தூணான அரச பென்சன் அப்படியில்லை. ஒப்பந்தம் செய்யாத நாட்டுக் குடிமகனாக வெளியேறினால் மாதப் பென்சன் வராது, கட்டியதைத் திருப்பித்தான் கேட்கலாம். சுவிஸ் குடிமகனுக்கு எங்கிருந்தாலும் வரும். கனடாவின் முதியோர் பென்சன் நாட்டுக்கு வெளியே தொடர வேண்டுமானால் 18 வயதுக்குப் பிறகு அங்கே 20 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். இலண்டனிலிருந்து வந்து குடியேறுவோரின் அரச பென்சன் அன்றைய தொகையில் உறைந்துவிடும். 2010இல் முழு அடிப்படைப் பென்சன் கிழமைக்கு 97.65 பவுண். அந்த ஆண்டில் இங்கே வந்தவருக்கு இன்றும் அதுதான். அங்கேயே இருந்த அவருடைய நண்பருக்கு 2024இல் 169.50 பவுண். வேலைத்தலப் பென்சன் வேறு கணக்கு, அதன் விதியைத் தனியாகக் கேட்டறியுங்கள். வீடு திருத்திவிட்டு வருமுன் இந்தக் கணக்குகளைப் பாருங்கள்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறேன். பாரிஸ் லாச்சப்பலிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கடை நடத்தும் நம்மவர் சிலர் ஊரிலிருந்து வந்த பையனுக்குப் பாதிச் சம்பளத்தைப் பதிவிலும் பாதியைக் கையிலும் கொடுக்கிறார்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் காலியிலும் கண்டியிலும் நடந்தது அங்கேயும் நடக்கிறது. அந்தப் பையனும் மாமா என்றுதான் அழைக்கிறான்.

கடை முதலாளிமாரே, கோயில் கோபுரத்துக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் நீங்கள் கொடுக்கும் கொடைக்கு இந்தத் தீவகம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் கடையில் ஒருவர் வேலை செய்தாலும் அவரைப் பதிவு செய்யுங்கள். உண்மைச் சம்பளத்தை எழுதுங்கள். அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் சி படிவத்தோடு பணத்தைக் கட்டுங்கள். அன்னதானத்துக்கு எழுதும் காசோலைக்கு முன் இந்தக் காசோலையை எழுதுங்கள்.

வேலை செய்கிற தம்பி தங்கைகளே, உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி, வீட்டில் இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள். இணையத்திலும் இப்போது மீதியைப் பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தாயின் பெயரைப் பின்னுரித்தாளியாகக் கொடுத்திருந்தால், கலியாணத்துக்குப் பிறகு அதைத் திருத்துங்கள். வீட்டில் இறந்துபோன தகப்பனாரின் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு பி அட்டையோ இலக்கம் எழுதிய துண்டோ இருந்தால், எல் படிவத்தில் அவருடைய வாரிசாக நீங்கள் கேட்கலாம். உங்கள் பெயரில் பணம் கட்டவில்லை என்று கண்டால் யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம், கட்டணம் எதுவும் இல்லை.